கதவும் காலண்டரும்

கட்டற்ற மென்பொருள் எதை எடுத்துக்கொண்டாலும் அதன் பயனர்களிடமிருந்து ஒரு கோரிக்கை எழாமல் இருக்காது: இருக்கிற வழுக்களை முதலில் தீருங்கள், புது வசதிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும். நிரல் எழுதுகிறவருக்குப் புதியதைக் கட்டுவதில் இருக்கிற ருசி, யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போனதைத் தோண்டுவதில் இல்லை என்பது ஊரறிந்த சங்கதி. மொசில்லாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேமி ஸவின்ஸ்கி 2003இல் லினக்ஸ் மேசைத்தளச் சூழலான குனோம் திட்டத்தின்மீது வைத்த குற்றச்சாட்டும் இதுதான். வழுவைத் திருத்துவதற்குப் பதிலாக அந்தப் பகுதியையே மாற்றி எழுதுகிறார்கள். எழுதியதும் பழைய புகார்கள் இனிப் பொருந்தாது என்று மொத்தமாக மூடிவிடுகிறார்கள். புகார் கொடுத்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கடுப்போடு சொன்னதுதான். ஆனாலும் பெரிய திட்டம் எதிலாவது ஒரு வழுவைப் பதிந்துவிட்டுக் காத்திருந்த எவருக்கும் அது அந்நியமாகப் படாது.

வழு முதலில் என்னும் இந்தக் கட்சியை எடைபோட, அதற்கு ஆதரவான ஆகப் பலமான சாட்சியையே முதலில் கூப்பிடலாம். 2014 ஏப்ரல் 7 அன்று உலகத்துக்குத் தெரியவந்த ஹார்ட்பிளீட்.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத் தொடர்பைப் பூட்டிவைக்கும் நிரல் தொகுப்பு. இணையத்தின் பெரும்பகுதி அதன்மேல்தான் நிற்கிறது. அதில் ஹார்ட்பீட் என்றொரு புது வசதி சேர்ந்தது. இணைப்பின் ஒரு முனை ஒரு சின்னச் செய்தியை அனுப்பும்; அதன் நீளம் இவ்வளவு என்று இரண்டு பைட்டில் கூடவே எழுதும்; மறுமுனை அதே செய்தியைத் திருப்பி அனுப்பினால் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான் வேலை. நிரல் அந்த நீளத்தை அப்படியே நம்பியது. ஒரே ஒரு பைட்டை அனுப்பிவிட்டு 65,535 என்று எழுதினால், வழங்கி தன் நினைவகத்தில் அந்த ஒரு பைட்டை அடுத்து என்ன இருந்ததோ அதையெல்லாம் சேர்த்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல் இருக்கலாம், குக்கி இருக்கலாம், அந்த வழங்கியின் ரகசியச் சாவியே இருக்கலாம். கேட்டவர் யார் என்பதற்குத் தடயமும் வழக்கமான பதிவேடுகளில் விழாது. திருத்தத்தின் சாரம் ஒரு ஒப்பீடு: சொன்ன நீளம், உண்மையில் வந்த பதிவுக்குள் அடங்குகிறதா என்று பார், அடங்காவிட்டால் பேசாமல் விட்டுவிடு.

அந்த நிரல் 2011ஆம் ஆண்டின் கடைசி நாளில் உள்ளே போனது. 2012 மார்ச்சில் 1.0.1 பதிப்போடு வெளியே வந்தது. இரண்டு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. இதில் உறுத்துவது, அந்த வசதி பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை என்பதுதான். யு.டி.பி. வழியாகப் போகும் இணைப்புகளுக்கு அது உதவும்; சாதாரண இணையதளங்கள் நம்பியிருக்கும் டி.சி.பி. இணைப்பில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேறு வழிகள் ஏற்கெனவே உண்டு. ஆனாலும் அது எல்லோருக்கும் தானாகவே இயங்கும்படிதான் வெளியிடப்பட்டது. யாரும் கேட்காத வசதி, யாரும் பார்க்காத வழு. இதைவிட நல்ல சாட்சி 'வழு முதலில்' கட்சிக்குக் கிடைக்காது.

குறுக்கு விசாரணை செய்தால் சாட்சி தடுமாறுகிறது. அதே 1.0.1 பதிப்பில்தான் டி.எல்.எஸ். 1.1, 1.2 ஆகிய நெறிமுறைகளுக்கான ஆதரவும் வந்தது. அவையும் புது வசதிகளே. அன்றைக்கு 0.9.8 என்ற பழைய பதிப்பிலேயே தங்கியிருந்தவர்கள் ஹார்ட்பிளீடில் தப்பினார்கள். ஆனால் பலவீனம் தெரிந்துவிட்ட பழைய நெறிமுறையோடு உட்கார்ந்திருந்தார்கள். புதியதை ஒத்திப்போடுவதே பாதுகாப்பு என்றால், பூட்டை மாற்றாமல் இருப்பதும் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். ஒரே வெளியீட்டில் வந்த இரண்டு வசதிகளில் ஒன்று அவசியம், இன்னொன்று வினை. வசதி என்ற பொதுப்பெயரால் இரண்டையும் சேர்த்துத் தண்டிக்க முடியாது.

அப்படியானால் உண்மையில் எது பழுதுபட்டது? அந்தத் திட்டத்துக்கு நேரடி நன்கொடையாக ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் வந்துகொண்டிருந்தது. முழுநேரமாக அதில் இருந்தவர் ஒருவர். வந்த நிரலை உட்கார்ந்து படித்துப் பார்க்கக் கையில்லை. வேண்டாம் என்று சொல்லவும் ஆளில்லை. விவகாரம் வெடித்த பிறகு ஓப்பன்பிஎஸ்டி அணியினர் அதை லிப்ரெஎஸ்எஸ்எல் என்ற பெயரில் தனியே பிரித்து, முதல் வாரத்திலேயே சுமார் 90,000 வரி நிரலை வெட்டியெறிந்தார்கள். பல வருஷங்களாக உள்ளே வந்ததெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டிருந்தது என்று அர்த்தம்.

ஜாவா நிரல்களுக்கான பதிவேட்டு நூலகம் லாக்4ஜேயின் கதையும் இதே ரகம். 2013இல் ஒருவருடைய தேவைக்காகச் சேர்ந்த ஜே.என்.டி.ஐ. தேடல் என்னும் வசதி 2021 டிசம்பரில் உலகத்தின் ஜாவா வழங்கிகளைத் திறந்துபோட்டது. அப்போது அடுத்தடுத்து வந்த திருத்த வெளியீடுகளில் 2.16இல்தான் அது இயல்பாக அணைத்துவைக்கப்பட்டது. பழைய பயனர் யாருக்காவது இடைஞ்சலாகிவிடுமோ என்ற தயக்கம் இத்தனை வருஷமும் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது.

இனி எதிர்ப்பக்கம். புது வசதியே வேண்டாம் என்று கதவை முழுக்க அடைத்த திட்டங்கள் என்ன ஆயின?

பெருமைக்குரிய உதாரணம் டெக். டொனால்ட் கனூத் உருவாக்கிய அச்சுக்கோப்பு மென்பொருள். 1990இல் 3.0 பதிப்போடு இனி மாற்றமில்லை, கடுமையான வழுக்களை மட்டும் திருத்துவேன் என்று அறிவித்தார். அதற்குப்பின் பதிப்பெண் 3.1, 3.14 என்று கணித மாறிலி பையை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நீள்கிறது, 2021இல் 3.141592653. பல வருஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, சேர்ந்திருக்கும் புகார்களைப் பார்த்துத் திருத்துகிறார். வழுவைக் கண்டுபிடித்தவருக்கு 2008 வரை காசோலையும் அனுப்பிவந்தார். (தன் காலத்துக்குப் பிறகு பதிப்பெண்ணைப் பை என்றே நிறுத்திவிட வேண்டும், மிஞ்சியிருக்கும் வழுக்களெல்லாம் அன்றிலிருந்து வசதிகள் ஆகிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். இந்த விவாதத்தை இதைவிடச் சுருக்கமாக முடித்தவர் யாருமில்லை.) இன்றைக்கும் உலகத்தின் கணிதக் கட்டுரைகள் டெக் வழியில் வந்த மென்பொருள்களில்தான் அச்சாகின்றன. உறையவைத்தால் உறுதி கிடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தமிழில் எழுதுகிறவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். கதவு அடைபடுவதற்கு முன் 3.0இல் கடைசியாக உள்ளே வந்த பெரிய மாற்றம், ஏழு பிட்டிலிருந்து எட்டு பிட்டுக்குப் போனது. ஐரோப்பியப் பயனர்கள் தங்கள் மொழிகளின் குறியிட்ட எழுத்துகளுக்காகக் கேட்டு வாங்கியது அது. ஒருங்குறியின் முதல் பதிப்பு வந்தது அதற்கடுத்த வருஷம், 1991இல். 256 இடங்களுக்குள் உலகத்தைப் பார்க்கிற நிரலுக்கு ஒருங்குறித் தமிழ் நேரடியாகப் புரியாது. 'கொ' என்று அடித்தால், ககரத்துக்குப் பின்னால் வரும் உயிர்க்குறியைப் பிளந்து பாதியை முன்னால் நிறுத்த வேண்டும் என்பதை அதற்கு யார் சொல்வது? ரோமன் எழுத்தில் அடித்து இடைநிரல் வழியாக மாற்றித்தான் காலம் தள்ள வேண்டியிருந்தது. 2004இல் ஜொனாதன் கியூ உருவாக்கிய ஸீடெக் வந்த பிறகுதான் தமிழ் எழுத்துருவும் ஒருங்குறியும் நேரடியாகக் கைக்கு வந்தன. கனூத்தைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. 1990இல் இல்லாத ஒன்றுக்கு அவர் எப்படி இடம் வைப்பார். ஆனால் டெக் உறைந்தும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், உறையாத ஸீடெக், பிடிஎஃப்டெக், லுவாடெக் ஆகியவை வேறு பெயரில் வேறு ஆட்களால் எழுதப்பட்டதுதான். புது வசதியின் செலவு மறையவில்லை, இடம் மாறியது. அந்தச் செலவை ஏற்க வேறு ஆள் இருந்தால் மட்டுமே கனூத்தின் வழி செல்லும்.

ஆள் இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கு அப்பாச்சி ஓப்பன்ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருள் உதாரணம். 2010 செப்டம்பரில் ஓப்பன்ஆஃபீஸ் சமூகத்தின் பெரும்பகுதி பிரிந்துபோய் லிப்ரெஆஃபீஸைத் தொடங்கியது. மிச்சமிருந்ததை ஆரக்கிள் நிறுவனம் 2011இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்தது. 2014 ஏப்ரலில் 4.1 வந்தது. அதற்குப்பின் பத்து வருஷத்துக்கு மேலாக 4.1.1, 4.1.2 என்று திருத்த வெளியீடுகள்தாம். 'வழு முதலில்' கட்சி கேட்டதெல்லாம் கிடைத்துவிட்ட திட்டம் இது: தொந்தரவு தரும் புது வசதி இல்லை, பயனருக்குப் பழகிய திரை மாறவில்லை, வெளிவருவதெல்லாம் திருத்தங்கள். 2015இல் ஒரு சோதனை வந்தது. கொரிய மொழிக் கோப்பு வடிவமான எச்.டபிள்யூ.பி.யைப் படிக்கும் பகுதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை. பொதுவான மூதாதையரிடமிருந்து வந்ததால் இரண்டு மென்பொருளிலும் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு புதுப்பதிப்பை இறக்கிக்கொண்டிருந்த லிப்ரெஆஃபீஸ் ஏப்ரலிலேயே திருத்தத்தை வெளியிட்டது. அப்பாச்சி ஓப்பன்ஆஃபீஸின் பயனர்களுக்குத் திருத்திய பதிப்பு கிடைத்தது அக்டோபரில். அடுத்த வருஷம் அந்தத் திட்டத்தை மூடிவிடலாமா என்ற பேச்சை அதன் அப்போதைய தலைவரே எடுத்தார்.

புது வசதியை நிறுத்தினால் மிச்சமாகும் உழைப்பு திருத்தத்துக்குப் போகும் என்ற கணக்கு ஏன் இப்படிப் பொய்த்தது? சம்பளம் கொடுக்கிற நிறுவனத்தில் மேலாளர் சொன்னால் பத்துப் பேர் இந்த மாதம் வழுவை மட்டும் பார்ப்பார்கள். தன்னார்வலரிடம் அது செல்லாது. தேர் இழுக்க வந்த கூட்டத்திடம் இந்த வருஷம் தேர் வேண்டாம், தேர்முட்டியைக் கூட்டிப் பெருக்கலாம் என்றால் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மேலும் ஒரு நிரலின் உள்விவரம் தெரிந்தவரால்தான் அதன் வழுவை எடுக்க முடியும்; அந்த விவரம், அங்கே எதையாவது கட்டிப்பார்த்தவருக்குத்தான் வரும். லிப்ரெஆஃபீஸில் திருத்தம் சீக்கிரம் வந்ததற்குக் காரணம் அவர்கள் வழுவுக்கு முன்னுரிமை கொடுத்தது என்று சொல்ல முடியாது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள், புதியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

உழைப்பில் வழுவுக்கு இவ்வளவு, வசதிக்கு இவ்வளவு என்று சதவீதக் கணக்கு போடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எது வழு, எது வசதி என்ற எல்லைக்கோடு நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. கனூத்தே டெக் நிரலில் தான் செய்த மாற்றங்களைப் பத்து வருஷம் நோட்டுப்போட்டு எழுதிவைத்து 1989இல் கட்டுரையாக வெளியிட்டார். 850க்கு மேற்பட்ட பதிவுகள், பதினைந்து வகைகள். அதில் ஒன்பது வகை பிழைகள், ஆறு வகை மேம்பாடுகள். ஆனால் கட்டுரைத் தலைப்பு டெக்கின் பிழைகள் என்பதே. சேர்த்ததையும் திருத்தியதையும் ஒரே நோட்டில்தான் எழுதினார். லிப்ரெஆஃபீஸ் 2017 பிப்ரவரியில் 5.3 பதிப்பில் எல்லா இயங்குதளங்களுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே எழுத்தமைவு நிரலைக் கொண்டுவந்தது. அதற்குமுன் விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று, லினக்ஸில் ஒன்று; ஒரே தமிழ்க் கோப்பு மூன்று கணினியில் மூன்று விதமாகத் தெரிய வாய்ப்பு இருந்தது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? திரையில் புதுப் பொத்தான் ஒன்றும் முளைக்கவில்லை. தனித்த வழு ஒன்றும் திருத்தப்படவில்லை. வழுக்கள் பிறக்கும் இடத்தையே மாற்றிக் கட்டினார்கள். இந்த மூன்றாவது வகை வேலையை 70க்கு 30, 80க்கு 20 என்று விகிதம் போடுகிறவர் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் நீண்டகாலம் பிழைக்கிற திட்டங்களை இந்த வேலைதான் காப்பாற்றுகிறது.

விகிதம் வேண்டாம் என்றால் வேறு எதைக்கொண்டு ஆள்வது? இதில் அதிகம் அடிபட்டுக் கற்றுக்கொண்டது லினக்ஸ் கர்னல்.

முதலில் அவர்கள் வைத்த முறை நேர்த்தியானது. இரட்டைப்படை எண் என்றால் நிலையான பதிப்பு, அதில் திருத்தம் மட்டும். ஒற்றைப்படை என்றால் பரிசோதனைக் களம், புதியதெல்லாம் அங்கே. 2001 ஜனவரியில் நிலையான 2.4 வந்தது. அந்த வருஷக் கடைசியில் 2.5 தொடங்கியது. அதிலிருந்து கனிந்த 2.6 வந்ததோ 2003 டிசம்பரில். நடுவில் இந்த மூன்று வருஷம் பயனர்கள் காத்திருந்தார்களா? இல்லை. ரெட் ஹாட் போன்ற வழங்கல் நிறுவனங்கள் 2.5இலிருந்து வேண்டியதைப் பெயர்த்தெடுத்துத் தங்கள் 2.4இல் ஒட்டிக்கொண்டன. 2003இல் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 9இல் இருந்த புது இழை நூலகம் அப்படித்தான் வந்தது. நிலையானது என்று பெயர் பெற்ற பதிப்பை யாரும் அதே வடிவில் ஓட்டவில்லை. ஓட்டியதை யாரும் பொதுவில் சோதிக்கவில்லை. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலிலும் இதே காலத்தில் இதே பாடம். தயாரானதும் வெளியிடுவோம் என்ற கொள்கையோடு உட்கார்ந்ததில் 2002 ஜூலைக்கும் 2005 ஜூனுக்கும் இடையில் நிலையான புதுப்பதிப்பு ஒன்றுகூட வரவில்லை. அந்த இடைவெளியில்தான் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று உபுண்டு பிறந்தது.

2004க்குப் பிறகு கர்னலில் 2.7 என்று ஒன்று திறக்கப்படவே இல்லை. இன்றைக்கு நடைமுறை இது: ஒவ்வொரு சுழற்சியிலும் முதல் இரண்டு வாரம் புது வசதிகளுக்குக் கதவு திறந்திருக்கும். பிறகு மூடும். அடுத்த ஏழெட்டு வாரம் வாரத்துக்கு ஒரு சோதனை வெளியீடு, திருத்தம் மட்டும். வெளியான பிறகும் நிலையான கிளைக்குள் சின்னதாக, சந்தேகத்துக்கு இடமில்லாததாக, முக்கியக் கிளையில் ஏற்கெனவே சேர்ந்ததாக உள்ள திருத்தங்களுக்கே அனுமதி. எத்தனை வசதி, எத்தனை திருத்தம் என்று யாரும் எண்ணுவதில்லை. தரவுப் பரிமாற்றக் கருவியான கர்ல் திட்டமும் எட்டு வாரச் சுழற்சியில் இதையே செய்கிறது.

இது வேலை செய்வதற்குக் காரணம் ஒழுக்கம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தவறவிட்டால் இழப்பது ஒன்பது, பத்து வாரம்தான் என்பதே காரணம். அடுத்த வெளியீடு இரண்டு வருஷம் கழித்து என்று தெரிந்தால், அரைகுறையாக இருப்பதையும் எப்படியாவது இந்த முறை நுழைத்துவிட ஒவ்வொருவரும் முட்டிமோதுவார்கள். பராமரிப்பாளரும் இரக்கப்பட்டு விடுவார். அடுத்த கதவு பக்கத்தில் இருந்தால் வேண்டாம் என்று சொல்வது எளிது, கேட்டுக்கொள்வதும் எளிது.

இந்த விதியைக் கடைசிவரை இழுத்துப் பார்த்த வழக்கு ஒன்று இருக்கிறது. பீகேஷ்எஃப்எஸ் என்பது கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் எழுதிய கோப்பு முறைமை. பரிசோதனை நிலையில் இருப்பது என்ற முத்திரையோடு 6.7 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது. அது வெளியானது 2024 ஜனவரியில். அந்த ஆகஸ்டிலேயே, கதவு மூடிய பிறகு பெரிய மாற்றங்கள் வருகின்றன என்று கர்னலின் தலைமைப் பராமரிப்பாளர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாக எரிச்சல்பட்டார். 2025 ஜூனில், 6.16இன் சோதனை வாரங்களில், ஓவர்ஸ்ட்ரீட் அனுப்பிய தொகுப்பில் புது விருப்பத்தேர்வு ஒன்று இருந்தது: கோப்பு முறைமையின் குறிப்பேட்டைப் பின்னோக்கிச் சுற்றி, முந்தைய நிலை ஒன்றுக்குத் திருப்பிக் கொண்டுபோவது. இழந்த தரவை மீட்க உதவும். இது வசதி, அடுத்த கதவுக்கு வா என்றார்கள். தரவை இழந்தவனுக்கு இது திருத்தம்தான் என்றார் ஓவர்ஸ்ட்ரீட்.

அவர் பக்கத்தை லேசாக ஒதுக்க முடியாது. வட்டில் இருக்கும் கோப்புகள் போனால் போனதுதான். மற்ற வழுக்கள்போல மறுபடி இயக்கிச் சரிசெய்ய முடியாது. அந்த நிரலை அவரைவிட அறிந்தவர் இல்லை. மாற்றம் அவருடைய எல்லைக்குள்தான் இருந்தது. அந்தத் தேர்வைக் கேட்டு இயக்குகிறவருக்கு மட்டுமே அது வேலை செய்யும், மற்றவரைத் தொடாது. பத்து வாரம் காத்திரு என்பது கர்னல் உருவாக்குநருக்குச் சின்னக் காலம், கல்யாணப் படங்களெல்லாம் திறக்காத வட்டில் மாட்டிக்கொண்டவருக்கு அப்படியில்லை.

இத்தனையும் ஏற்ற பிறகும் தராசு மறுபக்கம்தான் சாய்கிறது. தரவை அழித்த வழுவை அடைப்பது வேறு, அழிந்ததை மீட்கக் கருவி தருவது வேறு. முதலாவதுக்குக் கதவு எந்த நாளும் திறந்தே இருந்தது. இரண்டாவதுக்கு அந்த வாரம் கர்னலுக்குள் நுழைந்தே ஆகவேண்டிய அவசியம் இல்லை. பரிசோதனைக் கோப்பு முறைமையைத் துணிந்து ஓட்டுகிறவர்களுக்கு அவருடைய சொந்தக் கிளையிலிருந்து எடுத்து இயக்குவது புதிதல்ல. தவிர, அவசரத்தில் எழுதிய மீட்பு நிரலே மீட்க வேண்டியதைக் கெடுக்கக்கூடிய நிரல். சோதனை வாரங்கள் எதற்காக இருக்கின்றனவோ அதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், என் பயனருக்கு அவசரம் என்ற வாதம் வலைப்பின்னல் பிரிவுக்கும் உண்டு, வரைகலைப் பிரிவுக்கும் உண்டு. எது விதிவிலக்கு என்பதைப் பயன்பெறுகிறவரே தீர்மானித்தால் கதவு என்று ஒன்று இல்லை.

விதி சரி. அதை நடத்திய விதம் சரியில்லை. டோர்வால்ட்ஸ் அந்தத் தொகுப்பை எடுத்துக்கொண்டார், எடுத்துக்கொண்டே, 6.17இல் நாம் பிரிந்துவிடுவோம் என்று நினைக்கிறேன் என்றார். 6.17இல் பீகேஷ்எஃப்எஸ் மாற்றம் எதுவும் சேரவில்லை, வெளியிலிருந்து பராமரிக்கப்படுவது என்று குறிக்கப்பட்டது, 6.18இல் மொத்தமாக நீக்கப்பட்டது. தள்ளினால் திறக்கும் என்று காட்டிவிட்டு, பிறகு வீட்டைவிட்டே அனுப்பிய கதை. அந்த ஜூன் மாதத் தொகுப்பைத் திருப்பி அனுப்பி, திருத்தங்களை மட்டும் பிரித்துக்கொண்டு வா என்றிருந்தால் தண்டனை ஒரு விருப்பத்தேர்வோடு போயிருக்கும். இப்போது சுமக்கிறவர்கள், கர்னலோடு வருகிறது என்று நம்பி வட்டை அந்த முறைமையில் அமைத்த பயனர்கள்; இனி தனி நிரலாக்கி ஒவ்வொரு கர்னலுக்கும் சேர்த்துக்கட்ட வேண்டும்.

இப்படித் தேதி வைத்துக் கதவைத் திறந்து மூடும் காலண்டர் முறைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்று உண்மை: தெரிந்த வழுக்களோடு வெளியாகும். தேதி வந்துவிட்டது என்பதற்காக இறக்கப்படும் புதுப்பதிப்பின் முதல் வெளியீடு பெரும்பாலும் பச்சைக்காய்தான். லிப்ரெஆஃபீஸ் புதியது ஒன்று, பதம் வந்தது ஒன்று என இரண்டு கிளைகளை நெடுங்காலம் பக்கத்தில் வைத்திருந்ததன் காரணம் அதுவே. இந்தச் செலவை ஏற்கலாம் என்பது என் கணிப்பு. டெபியனின் அந்த மூன்று வருஷத்தையும் 2.4இன் ஒட்டுவேலையையும் பார்த்த பிறகு வேறு முடிவுக்கு வர முடியவில்லை.

ஒற்றை ஆள் நடத்தும் திட்டங்களுக்கு மட்டும் காலண்டர் போதாது. எக்ஸ்இசட் சுருக்க நிரலின் பராமரிப்பாளரை, வேலை மெதுவாகப் போகிறது, பேட்ச்கள் தேங்குகின்றன என்று 2022இல் நெருக்கினார்கள். உதவிக்கு வந்து மெல்லப் பொறுப்பேற்ற இணைப் பராமரிப்பாளர் 2024இல் அதற்குள் பின்கதவு வைத்தார். இப்படிப்பட்ட இடங்களில் தேதியை மறந்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கலாம்: இதைக் கொடுத்தவர் நாளைக்குக் காணாமல் போனால் இதைச் சுமக்கப்போவது யார்? பதில் இல்லாத வசதி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் வேண்டாம். ஹார்ட்பீட் இந்தக் கேள்வியில் தோற்றிருக்கும், டி.எல்.எஸ். 1.2 தேறியிருக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றையும் இதே கேள்வியால் அவ்வப்போது வெளியே அனுப்ப வேண்டும். அப்பாச்சி ஓப்பன்ஆஃபீஸ் அந்த எச்.டபிள்யூ.பி. ஓட்டையை அடைத்ததே அந்த வடிவத்துக்கான ஆதரவை நீக்கித்தான். தாமதமாக வந்தாலும் சரியான முடிவு.

சுமக்க ஆள் வேண்டுமென்றால் பணமும் வேண்டும். ஆனால் பணம் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு வேண்டிய வசதிக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சுமை திட்டத்தின் தலையில் விழுகிறது. ஹார்ட்பிளீடுக்குப் பிறகு 2014இல் லினக்ஸ் அறக்கட்டளை பெரிய நிறுவனங்களைச் சேர்த்து ஒரு நிதியைத் தொடங்கியது. 2022இல் ஜெர்மன் அரசின் சாவரின் டெக் ஃபண்ட் வந்தது. 2003இல் ஸவின்ஸ்கியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட குனோமுக்கு அது 2023இல் பத்து லட்சம் யூரோ ஒதுக்கியது: அணுகல் வசதி, பாதுகாப்பு, உள்கட்டமைப்பைச் செப்பனிடுதல் போன்றவற்றுக்கு. அவற்றில் எது வழு, எது வசதி என்று பிரித்துக் கேட்டிருந்தால் விண்ணப்பத்தை நிரப்பவே முடிந்திருக்காது. பிரிக்காமல் கொடுத்ததே அந்த நிதியின் நல்ல முடிவு.